அறம் கற்பித்து வருவதன்று என்பார்க்கு

ஒழுக்கம் என்பது பிறப்பிலும் வளர்ப்பிலும் அமைவதேயன்றி வகுப்பறையில் கற்பித்து வருவதன்று என்னும் அபிப்பிராயம், கற்றோர் கல்லாதோர் என்ற பேதமின்றி நம் நாட்டில் வேரூன்றி நிற்கிறது. தலைமையாசிரியர் கூட்டங்களிலும், பெற்றோர் சங்கங்களிலும், பாடத்திட்டக் குழுக்களிலும், அறநெறி விசாரணையை மாணவர்க்கு ஒரு பாடமாக அறிமுகப்படுத்தலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் யாரேனும் ஒருவர் எழுந்து, நல்ல குடும்பத்துப் பிள்ளை தானாகவே நல்லவனாக இருப்பான், கெட்டுப்போகிறவனைப் புத்தகம் திருத்தாது, ஆகையால் சில நீதிப் பாடல்களை மனப்பாடம் செய்வித்தால் போதும், மற்ற நேரத்தைக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் கொடுங்கள் என்று சொல்லி அமர்ந்துவிடுகிறார், சபையும் ஆமோதித்துவிடுகிறது. அனுபவத்தின் குரலைப்போல ஒலிக்கும் இந்த அபிப்பிராயம் தவறானது என்பதையும், தவறாக இருப்பதோடு நில்லாமல் நம் பிள்ளைகளுக்குத் தீங்கும் செய்து வருகிறது என்பதையும் எடுத்துரைப்பதே என் நோக்கம்.

இக்கொள்கைக்குப் பின்னால் வெறும் சோம்பல் மட்டும் இருப்பதாக நான் கருதவில்லை. மிகப் பழைய, மிகக் கூரிய சிந்தனையும் இருக்கிறது. நற்குணம் கற்பிக்கக் கூடியதா என்ற வினாவோடுதான் பிளேட்டோவின் ‘மெனோ’ என்னும் உரையாடல் தொடங்குகிறது. ஏதென்ஸ் நகரத்தின் பெருந்தலைவனான தெமிஸ்டக்ளிஸ் தன் மகனைச் சிறந்த குதிரைவீரனாக ஆக்க முடிந்ததே தவிரத் தன் மேன்மையை அவனுக்குக் கொடுக்க முடியவில்லையே என்று சாக்ரடீஸ் அங்கே எடுத்துக்காட்டுகிறார். நியாயமான செயல்களைச் செய்து செய்தே ஒருவன் நியாயவானாகிறான் என்று சொன்ன அரிஸ்டாட்டில், அனுபவம் இல்லாத இளைஞன் இத்தகைய சொற்பொழிவுகளைக் கேட்பதற்கு ஏற்றவன் அல்லன் என்றும் எழுதிவைத்தார். நம் காலத்துச் சாட்சியம் ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் நடத்தப்பெற்று 1973-ஆம் ஆண்டு வெளியான பரிசோதனையில், மத போதகர்களாகப் பயிற்சி பெறும் 40 மாணவர்கள் ஒரு கட்டடத்திலிருந்து மற்றொரு கட்டடத்துக்குச் சொற்பொழிவு செய்ய அனுப்பப்பட்டார்கள்; வழியில் ஒரு மனிதன் சுருண்டு கிடந்து இருமிக்கொண்டிருந்தான். அவகாசம் இருந்தவர்களில் நூற்றுக்கு 63 பேர் அவனுக்கு உதவ நின்றார்கள். நேரமாகிவிட்டது என்று அவசரப்படுத்தப்பட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேரே நின்றார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் பேசப் போயிருந்த பொருளோ, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதை! அந்தக் கதையைச் சிந்தித்துக்கொண்டு நடந்ததனால் அவர்கள் மற்றவர்களைவிட மிகுதியாக உதவியதாகத் தெரியவில்லை. இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும் என்று எதிர்க்கட்சியார் கேட்கிறார்கள்.

அவர்கள் அழைத்து வரும் சாட்சிகளை முழுவதும் பேசவிட்டால் வழக்கு வேறு விதமாக முடிகிறது. பழக்கத்தைப் போற்றிய அதே அரிஸ்டாட்டில், தம் நூலின் ஆறாம் பகுதியில், நடைமுறை விவேகம் இன்றி முழுமையான நற்குணம் என்பதே இல்லை என்று தீர்ப்புக் கூறுகிறார். தைரியமாக இருக்கப் பழகியவனுக்கு எப்போது எதிர்த்து நிற்பது, எப்போது பின்வாங்குவது என்று தெரியாவிட்டால் அந்தத் தைரியமே அவனையும் பிறரையும் அழித்துவிடும். கொடுத்துப் பழகியவனுக்கு யாருக்கு, எவ்வளவு, எந்தச் சமயத்தில் கொடுப்பது என்ற ஆராய்ச்சி இல்லாவிட்டால் அவன் கொடை ஏமாற்றுக்காரனுக்கே போய்ச் சேரும். பழக்கம் கொடுப்பது மனத்தின் சாய்வை. குறிப்பிட்ட ஒரு நிலைமையில் அந்தச் சாய்வை எப்படிச் செயலாக்குவது என்று கண்டறிவது வேறொரு திறமை. இளைஞனுக்கு அனுபவம் போதாது என்பது மெய்யே. அந்தக் குறையை நிரப்பவே, பிறர் வாழ்வில் நேர்ந்த இக்கட்டுகளை அவன் முன் வைத்து, நீ அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வாய், ஏன் செய்வாய் என்று கேட்டுப் பயிற்றவேண்டும் என்கிறோம். மருந்துகளின் பெயர்களையெல்லாம் ஒப்பிக்கத் தெரிந்தவன் நாடி பார்க்கக் கற்றவன் ஆகிவிடுவதில்லை; நாடி பார்ப்பதற்கும் ஒரு பயிற்சி உண்டு, அதைக் கற்பிக்கும் ஆசானும் உண்டு.

சுதந்திரம் வந்த நாளிலிருந்து நம் கல்விக் குழுக்கள் இந்தக் குறையை அறிந்தே இருந்தன. 1948-49-இல் அமைந்த இராதாகிருஷ்ணன் குழுவும், 1959-இல் நியமிக்கப்பட்ட ஸ்ரீபிரகாசா குழுவும், 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி குழுவும், ஒன்றன்பின் ஒன்றாக மாணவர்க்கு அறக்கல்வி வேண்டும் என்று பரிந்துரைத்தன. கோத்தாரி குழு வாரத்துக்கு ஓரிரு பாடவேளைகளை அதற்கென ஒதுக்கவும் சொல்லிற்று. நம் பள்ளிகளில் நீதி போதனை வகுப்பு என்று ஒன்று கால அட்டவணையில் இடம்பெற்றும் இருந்தது. அந்த வகுப்புக்கு என்ன கதி நேர்ந்தது என்பது தமிழ்நாட்டில் படித்த எவருக்கும் தெரியும்: பாடப் பகுதி முடியவில்லை என்று கணித ஆசிரியர் அதைக் கேட்டு வாங்கிக்கொள்வார், அவர் வாங்காத வாரத்தில் ஒரு கதையும் அதன் கீழே ஒரு நீதியும் சொல்லப்பட்டு, பிள்ளைகள் அந்த நீதியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். ஆராய்ச்சிக்கு அங்கே இடம் இல்லை. வினாவுக்கு இடமே இல்லை. இப்படி நடத்தப்பெற்ற வகுப்பினால் பயன் விளையவில்லை என்பதை ஆதாரமாகக் காட்டி, அறம் கற்பிக்கக் கூடியதன்று என்று முடிவு கட்டுவது, விதைக்காத நிலத்தை மலடு என்று பழிப்பதற்குச் சமானம்.

நம் இலக்கியத்திலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். மனுநீதிச் சோழன் கதையை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலும் அவன் சிலை நிற்கிறது. பள்ளியில் இக்கதை எப்படிச் சொல்லப்படுகிறது? இளவரசனின் தேர்க்காலில் ஒரு கன்று அகப்பட்டு மாண்டது, தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது, அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான், ஆகவே நீதி தவறாதே. இந்த அளவோடு கதை முடிந்துவிடுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியுள்ள கதையோ இவ்வளவு எளிதானதன்று. அது ஒரு பெரும் தர்ம விசாரணை. கன்று தானாகவே துள்ளி வந்து தேர்க்காலிடையே புகுந்தது. கொல்லவேண்டும் என்ற எண்ணம் இளவரசனுக்கு இல்லை. செய்தி அரசனுக்கு எட்டுமுன்பே பிராயச்சித்தம் கேட்க அந்தணர்களை நோக்கிப் புறப்பட்டவன் அவன். அமைச்சர்கள் சொல்வதும் அற்பமானதன்று. பசுவதைக்கு வேதநெறியில் விதிக்கப்பட்ட கழுவாய் இருக்கிறது, அதை இளவரசன் செய்வதே முறை என்பது அவர்கள் வாதம். சாஸ்திரம் அவர்கள் பக்கம். மரபு அவர்கள் பக்கம். இரக்கமும் அவர்கள் பக்கம்.

அரசன் அதை மறுப்பதற்குச் சொல்லும் காரணங்களைக் கூர்ந்து கவனிக்கவேண்டும். அந்தக் கழுவாய், கன்றை இழந்து கதறும் தாயின் துயருக்கு மருந்தாகுமா என்று முதலில் கேட்கிறான். பாதிக்கப்பட்டவள் யார், அவளுக்கு இதனால் என்ன கிடைக்கும் என்பது அவன் வினா. பிறகு, அயலான் ஒருவன் ஓர் உயிரைக் கொன்றால் அவனைக் கொல்லும் நான், என் மகன் செய்த கொலைக்கு மாத்திரம் தவத்தை விதித்து விட்டுவிட்டால் உலகம் என்ன சொல்லும் என்கிறான். தனக்கு ஒரு விதி, பிறர்க்கு ஒரு விதி என்று வைத்துக்கொள்ளக் கூடாது, எவருக்கும் பொருந்துவதாக நான் ஏற்கும் விதி எதுவோ அதையே எனக்கும் விதித்துக்கொள்ளவேண்டும் என்ற இந்தச் சிந்தனையைத்தான், அறுநூறு ஆண்டுகளுக்குமேல் கழித்து, 1785-இல் வெளியிட்ட நூலில் இம்மானுவேல் காண்ட் தம் அறக்கோட்பாட்டின் அஸ்திவாரமாக்கினார். கதை இத்தோடும் நிற்கவில்லை. இளவரசன்மேல் தேரை ஓட்டும்படி ஆணை பெற்ற அமைச்சன், அரசாணையை மீறவும் மனமின்றி, குற்றமற்றவனாகத் தனக்குத் தோன்றிய ஒருவனைக் கொல்லவும் மனமின்றி, தன் உயிரையே விட்டுவிடுகிறான். அநியாயம் என்று உள்ளம் சொல்லும் ஆணை ஒன்று மேலிடத்திலிருந்து வந்தால் ஊழியன் செய்யவேண்டுவது என்ன என்ற வினா, ஒவ்வோர் அரசு அலுவலகத்திலும் ஒவ்வொரு கம்பெனியிலும் இன்றும் எழுவது. அதை அந்த அமைச்சன் தன் பிணத்தால் எழுதிக்காட்டிவிட்டுப் போகிறான்.

இத்தனையும் அடங்கிய கதையை, ‘நீதி தவறாதே’ என்ற இரண்டு சொல்லாகச் சுருக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது சேக்கிழாருக்கும் நியாயமன்று, பிள்ளைகளுக்கும் நியாயமன்று. கன்று தானாக வந்து விழுந்ததற்கு இளவரசன் ஏன் சாகவேண்டும் என்று ஒரு சிறுமி எழுந்து கேட்டாளானால், அதிகப்பிரசங்கி என்று அவளை உட்கார வைத்துவிடுகிறோம். அவள் கேட்டது சட்டத்தின் மிக ஆழமான கேள்வி. மனுநீதிச் சோழனின் சிலையைத் தன் வளாகத்தில் நிறுத்தியிருக்கும் நீதிமன்றமே, கருதிச் செய்த கொலையையும் கவனக்குறைவால் நேர்ந்த மரணத்தையும் வேறு வேறாகத்தான் எடை போடுகிறது. அரசன் செய்தது சரியா, அமைச்சர்கள் சொன்னது சரியா, உயிர்விட்ட அமைச்சன் செய்தது சரியா என்று நாற்பது பிள்ளைகள் ஒரு மணி நேரம் வாதிப்பார்களானால், குற்றத்துக்கும் கருத்துக்கும் உள்ள தொடர்பு, ஆட்சியாளனின் நடுநிலை, ஆணையின் எல்லை, வாயில்லா ஜீவன்களின் துயருக்கு நாம் தரவேண்டிய மதிப்பு ஆகிய அனைத்தையும் அவர்கள் தொட்டுவிடுவார்கள். அவர்களுக்கு அந்தத் திறமை இல்லை என்று சொல்கிறவர்கள் ஒரு முறையாவது கேட்டுப் பார்த்ததில்லை.

திருக்குறள் இருக்கும்போது அயல்நாட்டுத் தத்துவம் எதற்கு என்ற ஆட்சேபம் இங்கே வரும். 2016-ஆம் ஆண்டு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அறத்துப்பாலிலும் பொருட்பாலிலும் உள்ள 108 அதிகாரங்களையும் பள்ளிப் பாடத்தில் சேர்க்கவேண்டும் என்று உத்தரவிட்டதை நான் மனமார வரவேற்கிறேன். குறளை முழுவதும் படிக்கிறவன் மனப்பாடத்தோடு நிற்க முடியாது என்பதே என் மகிழ்ச்சிக்குக் காரணம். கொல்லாமையை அறங்களுள் தலையாயதாக வைத்து ஓர் அதிகாரம் பாடிய வள்ளுவரே, செங்கோன்மை அதிகாரத்தில், கொடியவர்களை அரசன் கொலைத் தண்டனையால் ஒறுப்பதைப் பயிரினின்று களை எடுப்பதற்கு ஒப்பிடுகிறார். இவ்விரண்டும் எப்படிப் பொருந்தும் என்று உரையாசிரியர்கள் சிந்தித்திருக்கிறார்கள், மாணவர்கள் ஏன் சிந்திக்கக் கூடாது? வாய்மை அதிகாரத்தில், குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் ஸ்தானத்தைப் பெறும் என்கிறார். காண்ட் 1797-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு நேர்மாறாக, கொலைகாரன் ஒருவன் நம் வீட்டு வாசலில் வந்து, உள்ளே ஒளிந்திருக்கும் நம் நண்பனைப் பற்றிக் கேட்டாலும் பொய் சொல்லலாகாது என்று சாதிக்கிறார். இவ்விருவரையும் பத்தாம் வகுப்பு மாணவன் அருகருகே வைத்துப் படித்தால், வள்ளுவர் ஏன் நன்மையை மட்டும் சொல்லி நில்லாமல் ‘குற்றமற்ற’ நன்மை என்று வரையறுத்தார் என்பது அவனுக்கு முதல் முறையாக விளங்கும். என் சொந்தத் தீர்ப்பைக் கேட்டால் வள்ளுவர் பக்கமே நிற்பேன். ஆனால் காண்டோடு மோதிப் பார்த்த பிறகு நிற்பதற்கும், மோதாமல் நிற்பதற்கும் உள்ள பேதம் பெரிது.

நல்ல மனமும் நல்ல வளர்ப்பும் இருந்தால் போதும் என்ற கொள்கையை முற்றிலும் தகர்க்கும் வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்னும் ஊரை மையமாகக் கொண்டு, 1932-ஆம் ஆண்டு அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கிற்று. சிபிலிஸ் என்னும் மேகநோய் கண்ட 399 ஏழைக் கறுப்பின ஆண்களையும், ஒப்பிட்டுப் பார்க்க அந்நோய் இல்லாத 201 பேரையும் சேர்த்து, சிகிச்சை அளிக்காமல் விட்டால் நோய் எப்படி முற்றுகிறது என்று கவனித்து வந்தார்கள். நோயின் பெயர் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. உங்கள் இரத்தம் கெட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லப்பட்டது. 1940-களில் பெனிசிலின் இந்நோய்க்கு ஏற்ற மருந்தாக நிலைபெற்ற பின்பும் அவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. நாற்பது ஆண்டுகள் இப்படியே ஓடின. பலர் இறந்தார்கள், மனைவியர்க்கு நோய் தொற்றிற்று, குழந்தைகள் நோயோடு பிறந்தன.

இதைச் செய்தவர்கள் கொடியோர் கூட்டம் அன்று என்பதுதான் நாம் சிந்திக்கவேண்டிய செய்தி. யூனிஸ் ரிவர்ஸ் என்ற கறுப்பினச் செவிலி அந்த நோயாளிகளைத் தம் காரில் ஏற்றிச் சென்றார், அவர்கள் வீடுகளுக்குப் போய் நலம் விசாரித்தார், அவர்களால் பெரிதும் நேசிக்கப்பட்டார். மருத்துவர் சொன்னதைச் செய்வதே செவிலியின் கடமை என்று பயிற்றுவிக்கப்பட்டிருந்தார், அந்தக் கடமையைப் பல்லாண்டுகள் சிரத்தையோடு செய்தார். அன்பு இருந்தது, ஒழுங்கு இருந்தது, கடமையுணர்ச்சி இருந்தது. இந்த மனிதர்கள் உண்மை தெரிந்து சம்மதித்தார்களா, இந்த ஆராய்ச்சியின் பாரம் ஏன் ஏழைக் கறுப்பினத்தார் தலையில் மட்டும் விழுகிறது, இதே நிலையில் என் சகோதரன் இருந்தால் இதற்கு உடன்படுவேனா என்னும் வினாக்களே அந்தச் சூழலில் எழவில்லை. 1966-இல் பீட்டர் பக்ஸ்டன் என்ற இளம் ஊழியர் அவற்றை எழுப்பி மேலிடத்துக்கு எழுதினார், பயன் இல்லை. அவர் மூலமாகச் செய்தி பத்திரிகைக்கு எட்டி, 1972-இல் உலகம் அறிந்த பிறகே ஆராய்ச்சி நிறுத்தப்பட்டது. அதன் விளைவாக அமைந்த குழு 1979-இல் வெளியிட்ட பெல்மாண்ட் அறிக்கை, மனிதர்களை மதித்தல், நன்மை செய்தல், நியாயமாகப் பங்கிடுதல் என்னும் மூன்று தத்துவங்களை வகுத்தது. இன்று மனிதர்மேல் ஆராய்ச்சி செய்யப் புகும் மாணவர்களுக்கு அவை உலகின் பல பகுதிகளிலும் பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன. அந்த மாணவர்களின் தாய் தந்தையர் 1932-இல் இருந்தவர்களைவிட உத்தமர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கேட்கவேண்டிய கேள்விகளை இவர்களுக்கு யாரோ கற்பித்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பிரின்ஸ்டன் பரிசோதனைக்குத் திரும்புகிறேன். நல்ல கதை ஒன்றை மனத்தில் சுமப்பது மட்டும் செயலை உண்டாக்காது என்று அது காட்டுகிறது. நீதிக்கதை சொல்லிக் குறிப்பேட்டில் எழுதச் செய்யும் நம் வழக்கத்துக்கு எதிரான சாட்சியமே அது. அவசரம் மனிதனின் கண்ணை மறைக்கிறது என்ற உண்மையும் கற்பிக்கக் கூடியதே. அதை அறிந்தவன் தன் அவசரத்தையே சந்தேகிக்கத் தொடங்கலாம். ஆராய்ச்சி செயலை மாற்றுமா என்பதற்கு நேரடியான பரிசோதனையும் நடந்திருக்கிறது. அறவியல் பேராசிரியர்கள் நடத்தையில் மற்றவர்களைவிட மேம்பட்டவர்களாகத் தெரியவில்லை என்று முன்பே ஆராய்ந்து எழுதி, அறவியல் வகுப்புகளின் பயனைச் சந்தேகித்து வந்த எரிக் ஷ்விட்ஸ்கெபெல் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியரே அதில் பங்குகொண்டார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் 1,332 மாணவர்களை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினர் புலால் உண்பதன் நியாயத்தைப் பற்றி ஒரு கட்டுரை படித்து ஒரு வகுப்பு விவாதிக்கவும், மறு பகுதியினர் அவ்வாறே ஈகையைப் பற்றி விவாதிக்கவும் செய்தார்கள். பின்பு வளாக உணவகங்களின் ரசீதுகளைப் பார்த்தபோது, முதற்பகுதியினர் வாங்கிய உணவில் புலால் உணவின் பங்கு நூற்றுக்கு 52-இலிருந்து 45-ஆகக் குறைந்திருந்தது. மறு பகுதியினரிடம் மாற்றம் இல்லை. 2020-இல் வெளியான இந்த ஆய்வு ஒரே ஊரில் ஒரே பொருளைப் பற்றி நடந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை. எனினும், விவாதம் மனிதனின் கையையும் வாயையும் எட்டவே எட்டாது என்று அடித்துச் சொல்கிறவர்கள் இனி அவ்வாறு சொல்ல முடியாது.

இன்னொரு பயம் உண்டு; அதை மரியாதையோடு அணுகவேண்டும். பல வழிகளைக் காட்டினால் பிள்ளை குழம்பி, எல்லாம் அவரவர் பார்வை என்று சொல்லக் கற்றுக்கொள்வான். தன் இச்சைக்கு ஏற்ற வாதத்தைப் பொறுக்கிக்கொள்வான் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். எல்லாம் அவரவர் பார்வை என்ற பேச்சைப் பிள்ளைகள் அறவியல் வகுப்பில் கற்கவில்லை. அத்தகைய வகுப்பே இல்லாத நம் நாட்டில் அது வீதியெங்கும் ஒலிக்கிறது. விளைவை எடைபோடும் பெந்தாமும் மில்லும், கடமையைப் பற்றி நிற்கும் காண்டும், குணத்தைப் போற்றும் அரிஸ்டாட்டிலும், நம்மை நம்பியிருப்போர்பால் நமக்குள்ள பராமரிப்பை 1982-இல் முன்னிறுத்திய கரோல் கில்லிகனும் தம்முள் மாறுபடுகிறார்கள் என்பது உண்மையே. டஸ்கீகியில் நடந்ததை இவர்கள் வழியில் எப்படி அளந்தாலும் வரும் தீர்ப்பு ஒன்றுதான். பல வழிகளும் ஒரே இடத்தில் வந்து கூடுவதைக் கண்ட மாணவனுக்கு நிச்சயம் பிறக்கிறது. அவை பிரியும் இடத்தில் நிதானம் பிறக்கிறது. சொந்த ஆசைக்கு வக்காலத்து வாங்கும் வாதமோ, தனிமையில் செழிப்பது. நாற்பது பேர் நடுவே உரக்கச் சொல்லவேண்டிவந்தால் அதன் சாயம் வெளுத்துவிடும்.

நம் அரசு இதை ஒருவாறு உணர்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. 2013-ஆம் ஆண்டு முதல் மத்திய தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வில் அறநெறி, நேர்மை பற்றி 250 மதிப்பெண்ணுக்கு ஒரு தாள் இருக்கிறது. இக்கட்டான நிலைமைகளை விவரித்து, நீ என்ன செய்வாய் என்று அதில் கேட்கிறார்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த மருத்துவப் பாடத்திட்டத்திலும் மனப்பான்மை, அறநெறி, நோயாளியோடு உரையாடல் ஆகியவை பாடமாயின. இவை நல்ல ஏற்பாடுகள். ஆனால் காலம் தாழ்ந்தவை. இருபது வயது கடந்து, பதவியோ பட்டமோ பணயமாக இருக்கும்போது முதன்முதலாக இந்தக் கேள்விகளைச் சந்திக்கும் இளைஞன், தனக்கு எது சரி என்று படுகிறது என்று பார்ப்பதைவிட, திருத்துகிறவருக்கு எது பிடிக்கும் என்று பார்ப்பதே இயல்பு. பயிற்சி நிலையங்கள் அதற்கான அச்சுப் பதில்களையும் தயாரித்துக் கொடுக்கின்றன. மதிப்பெண்ணும் பதவியும் குறுக்கிடாத வயது பள்ளி வயது ஒன்றே.

அந்த வயதில் இக்கட்டுகள் வருவதில்லை என்று நினைக்கிறவர்கள் பிள்ளைகளின் வாழ்வை அறியாதவர்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் அவள் தோழி, தன் வீட்டுக்கு வந்துபோகும் உறவினர் ஒருவர் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொள்கிறார் என்று அழுது சொல்லி, யாரிடமும் சொல்லாதே என்று கையடித்துச் சத்தியமும் வாங்கிக்கொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நாம் அவளுக்குக் கொடுத்து அனுப்பிய நீதிமொழிகள் யாவை? வாக்குத் தவறாதே, நண்பரின் ரகசியத்தைக் காப்பாற்று, பெரியோரை மதி, குடும்ப மானத்தைச் சந்தியில் இழுக்காதே. அவள் கையில் உள்ள ஒவ்வொரு வாசகமும் அவளை வாயடைத்து நிற்கச் சொல்கிறது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், இத்தகைய குற்றத்தை அறிந்தவர் அதைத் தெரிவிக்கவேண்டும் என்கிறது. தெரிவிக்காத குழந்தையைத் தண்டனையிலிருந்து விலக்கியும் வைத்திருக்கிறது. 1098 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. சட்டமும் எண்ணும் இருந்து என்ன, சத்தியத்தை மீறுவது பாவம் என்று நடுங்கும் உள்ளத்துக்கு, எந்த வாக்கு எதற்காகக் கொடுக்கப்படுகிறது, அதைக் காப்பதால் யாருக்குத் தீங்கு, அதை மீறுவது தோழிக்குச் செய்யும் துரோகமா உபகாரமா என்று ஆராயும் வழி காட்டப்படாவிட்டால்?

அந்த வழியைக் காட்டுவதற்குத் தத்துவ ஞானிகளின் பெயர்களோடு தொடங்கவேண்டிய அவசியமே இல்லை. பெயர்கள் கல்லூரியில் வரட்டும். இதனால் யார் யாருக்கு என்ன நேரும், இந்த விதியை எல்லோரும் கைக்கொள்ள நான் சம்மதிப்பேனா, இதைச் செய்தபின் நான் எப்படிப்பட்டவளாக இருப்பேன், என்னை நம்பி நிற்பவர் யார், யாருடைய குரல் இங்கே கேட்கப்படவில்லை என்ற ஐந்து கேள்விகளை, ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு கதையிலும் செய்தியிலும் வைத்துக் கேட்டுப் பழக்கினால், தனக்கே ஒரு நாள் நேரும்போது அவை அவள் நினைவுக்கு வரும். ஆசிரியர் தம் தீர்ப்பை முதலில் சொல்லாதிருக்கவேண்டும். பிள்ளைகள் பேசி முடித்தபின் ஒளிக்காமல் சொல்லவும் வேண்டும். தமக்கு என்று எந்தக் கருத்தும் இல்லாததுபோல் ஆசிரியர் நடித்தால், கருத்தே இல்லாமல் இருப்பதுதான் படிப்பின் லட்சணம் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள்.

வீடு இதைச் செய்துகொள்ளும் என்று தட்டிக் கழிக்கும் பெற்றோரை ஒன்று கேட்கிறேன்: மேலே சொன்ன மாணவியின் தோழிக்குத் தீங்கு வந்தது எங்கிருந்து? தலைமையாசிரியர்களே, அடுத்த கல்வியாண்டுக்கான கால அட்டவணையை நீங்கள் எழுத அமரும்போது, எட்டாம் வகுப்பிலிருந்து வாரத்துக்கு ஒரு பாடவேளையை அறநெறி விசாரணைக்கென ஒதுக்குங்கள். அதற்குத் தேர்வு வைக்காதீர்கள், மதிப்பெண் இடாதீர்கள். எந்தப் பாடம் பின்தங்கினாலும் அந்த வேளையை வேறொருவர்க்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.